படம் வராத வீடியோவும் மூணு மணி என்கொயரியும்

கம்ப்யூட்டர் சர்வீஸ் தொழில்ல ஒரு கூத்து உண்டு: ஒண்ணுமே ஓடலைன்னு வர்றவங்க பொறுமையா உட்காருவாங்க, பாதி ஓடுது பாதி ஓடலைன்னு வர்றவங்கதான் நம்ம உசிரை எடுப்பாங்க.

ஓசூர் பாகலூர் ரோட்டுல பன்னெண்டு வருஷமா கடை வச்சிருக்கேன். கடையில நானும் ஜெராக்ஸ், லேமினேஷன் பாக்குற நாகரத்னாவும்தான். நாகரத்னா தினம் அத்திப்பள்ளியில இருந்து பஸ்ல வர்றவ, பேச்சுல பாதி கன்னடம். "சத்தம் வருது, படம் வரல"ன்னு வாரத்துக்கு நாலு பேராவது வந்து நிப்பாங்க. உங்க வீட்டுலயும் நடந்திருக்கும். சொந்தபந்தம் எல்லாரையும் உக்கார வச்சு கல்யாண வீடியோவைப் போட்டா நாதஸ்வரம் கேக்கும், பொண்ணு மாப்பிள்ளையைக் காணோம். டிவி தலையில ரெண்டு தட்டு தட்டியிருப்பீங்க. நானும் தட்டியிருக்கேன், வெக்கப்படாதீங்க.

யானை எங்கே?

ஜவளகிரிப் பக்கம் ஒரு விவசாயி. ராகிக் காட்டுல யானை இறங்கி நாசம் பண்ணினதை மொட்டை மாடியில நின்னு போன்ல எடுத்திருக்கார். நஷ்ட ஈடு கேட்டு ஃபாரஸ்ட் ஆபீஸ்ல காட்டணும், பென்டிரைவ்ல ஏத்திக் குடும்மான்னார். ஏத்திக் குடுத்தேன். மறுநாள் அவர் கடைக்குள்ள வந்த வேகத்துல ஸ்டூல் உருண்டுச்சு. ஆபீஸ் கம்ப்யூட்டர்ல சத்தம் மட்டும்தான் வந்துச்சாம்.

புதுப் போனுங்க இடம் மிச்சம் பண்றதுக்காக படத்தை ரொம்ப இறுக்கிச் சுருக்கி வைக்கும். பழைய கம்ப்யூட்டருக்கு அதைப் பிரிக்கத் தெரியாது, சத்தத்தை மட்டும் விட்டுட்டு கம்முனு இருக்கும். பழைய முறைக்கு மாத்திக் குடுக்க பத்து நிமிஷம் போதும். முன்னாடியே மாத்திக் குடுக்காதது என் தப்புதான். அந்தப் பத்து நிமிஷமும் மனுஷன் என் தலைக்கு மேலயே நின்னு கத்தினார்: "பட்டாசு வெடிக்குது, பத்துப் பேரு கூச்சல் போடறான். அதைக் கேட்டுட்டு ஆபீசரு, 'யானை எங்கய்யா, காட்டுல நின்னு கத்தினது பூரா நீங்கதானே'ன்னு கேக்கறாரும்மா!"

கட்டுப் போட்ட கை

இசக்கிமுத்து வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில, பத்தரை மணிக்கு. திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், இங்க ஒரு கம்பெனியில இரும்புத் தகடு அடிக்கற பிரஸ் மிஷின் ஓட்டறவர். மிஷின்ல மாட்டி இடது கை ஆள்காட்டி விரல் நுனி போயிருந்துச்சு, மணிக்கட்டு வரைக்கும் கட்டு. பிரஸ்ல கை உள்ள போனா மிஷினை நிறுத்தற சென்சார் ஒண்ணு இருக்கும். அதை இவரே கழட்டி விட்டுட்டார், அதனாலதான் அடிபட்டுச்சுன்னு கம்பெனி சார்ஜ் ஷீட் குடுத்திருக்கு. அன்னைக்கு மூணு மணிக்கு என்கொயரி. இல்லைன்னு நிரூபிக்கலைன்னா வேலை போயிடும். மூக்கண்டப்பள்ளியில வாடகை வீடு, சம்சாரம், யூ.கே.ஜி. படிக்கற பொண்ணு.

சூப்பர்வைசர் சொல்லித்தான் சென்சார் இல்லாம ஓட்டினேங்கறது இவர் தரப்பு. அதுக்குச் சாட்சி ஒரு வீடியோ. அடிபட்ட அன்னைக்குக் காலையில சென்சார் லைட்டு விட்டு விட்டு எரிஞ்சிருக்கு. மெயின்டனன்ஸ் ஆளுக்குக் காட்டலாம்னு அதைப் போன்ல எடுத்திருக்கார். அந்த நேரம் பாத்து சூப்பர்வைசர் வந்து பேசினது எல்லாம் அதுல விழுந்திருக்கு. போட்டுப் பாத்தேன். மிஷின் சத்தத்துக்கு நடுவுல ஒரு குரல்: "டார்கெட் போகணும்யா, சென்சாரைத் தூக்கிட்டு ஓட்டு, நான் பாத்துக்கறேன்." கணீர்னு கேக்குது. ஆனா ஸ்கிரீன் முழுக்கக் கறுப்பு. படம் இல்லாத வீடியோவை யாரு நம்புவான்னு கூட வேலை செய்யறவங்க வேற பயமுறுத்தி விட்டிருக்காங்க. இசக்கிமுத்து ரெண்டு கையையும் சேத்துக் கும்பிட்டார், கட்டோட. "யக்கா, மூணு மணிக்குள்ள படத்தை வர வச்சிருங்க, உங்களுக்குக் கோடிப் புண்ணியமாப் போவும்."

ஃபைல்ல ஒரு குறையும் இல்ல

இதுவும் யானைக் கேசுதான்னு அலட்சியமா ஆரம்பிச்சேன். முறை மாத்தினேன், கறுப்பு. வேற பிளேயர்ல போட்டேன், கறுப்பு. ஃபைல் அடிபட்டிருக்கும்னு ரிப்பேர் சாஃப்ட்வேர்ல ஏத்தினா, படம் முழுசா இருக்கு, ஒரு குறையும் இல்லைன்னு அது சாதிக்குது. மணி பன்னெண்டே கால். லேமினேஷனுக்கு வந்தவர் "ஆச்சாம்மா?"ன்னு கேட்டதுக்கு அவர் மேல எரிஞ்சு விழுந்தேன். கோவம் இல்லைங்க, பயம். ஒரு ஆளோட பொழப்பு நம்ம கையில வந்து நிக்குது, நமக்கோ ஒண்ணும் புரியலைங்கற அந்த நிலைமை உங்களுக்கும் தெரிஞ்சிருக்கும்.

ஒரு மணிக்கு இசக்கிமுத்து மெதுவா ஒண்ணு சொன்னார். நெட்டுல பிரஸ் மிஷின் வீடியோ எத்தனையோ கிடக்கே, அதுல ஒண்ணை எடுத்து இந்தச் சத்தத்துக்கு மேல ஒட்டிக் குடுத்துட்டா என்ன? எனக்கு வந்துச்சே ஆத்திரம்! ஒட்டினது தெரிஞ்சா உள்ள உண்மையும் பொய்யாயிடும், எந்திரிச்சுப் போங்க வெளியன்னு கத்திட்டேன். மறைக்காம சொல்றேன், கத்தறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் நானும் அதை யோசிச்சேன். அவர் எந்திரிக்கல. "போறதுக்கு ஒரு எடம் இருந்தா நான் எதுக்குக்கா இங்க உக்காந்திருக்கேன்?"

கறுப்புக்குள்ள ஒரு செவப்பு

வேற வழி தெரியாம படத்தோட வெளிச்சத்தைக் கடைசி வரைக்கும் ஏத்தினேன். கறுப்பு கலைஞ்சு அழுக்கு மஞ்சளாச்சு. அதுக்குள்ள மங்கலா ஒரு செவப்பு, விட்டு விட்டு எரியுது. சென்சார் லைட்டு! அப்படின்னா கேமரா வேலை செஞ்சிருக்கு. என்னமோ மறைச்சிருக்கு. நாகரத்னா எட்டிப் பாத்தா. அவ புருஷனும் இப்படி ஒரு கம்பெனியில வேலை பாக்கறவர்தான். இசக்கிமுத்து போனை எடுத்துத் திருப்பிக் காட்டினா. கேமரா மேல வட்டமா பசைத் தழும்பு.

கம்பெனிக்குள்ள யாரும் படம் எடுக்கக் கூடாதுன்னு கேட்டுலயே செக்யூரிட்டிக்காரர் எல்லார் போன் கேமரா மேலயும் மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டி விடுவார். ஷிஃப்ட் முடிஞ்சு வெளிய வந்துதான் உரிக்கணும். தினம் ஒட்டி ஒட்டி அது இருக்கறதே மறந்துபோய், இவர் ஸ்டிக்கரோடவே வீடியோ எடுத்திருக்கார். மூணு மணி நேரமா நான் தேடின படம் எடுக்கப்படவே இல்ல. இனி வராதுங்கன்னு சொன்னேன். மனுஷன் கட்டுப் போட்ட கையில மூஞ்சியைப் புதைச்சுக்கிட்டு அழுதார். போன்ல இருக்கறதை யாரும் தொட வேண்டாம், அப்படியே கொண்டு போங்கன்னேன். நாகரத்னா தண்ணி பாட்டிலை நீட்டினா. "போய் உள்ளதை ஹேளி அண்ணா, உள்ளதைச் சொல்லுங்க, இங்க உக்காந்து அழுதா ஏனு ஆகும்?"

என்கொயரி ரூம்

அஞ்சு மணி வரைக்கும் தகவல் இல்ல. நானும் கூப்பிடல, கூப்பிடப் பயம். ஆறு மணிக்கு ஆளே நேர்ல வந்து நின்னார். உள்ள என்ன நடந்துச்சுன்னா, இவர் வீடியோன்னு வாயைத் திறந்ததுமே கம்பெனி தரப்பு ஆள் துள்ளி எந்திரிச்சிருக்கார். பிளான்ட்டுக்குள்ள ஸ்டிக்கரை உரிச்சுப் படம் எடுத்தா நேரா டிஸ்மிஸ், வேற விசாரணையே வேண்டாம், இதையும் சேத்து எழுதிக்கங்கன்னு. அப்புறம் வீடியோ ஓடியிருக்கு. கறுப்பு. விசாரிக்க வந்த அதிகாரி, கேட்ல செக்யூரிட்டி எழுதற ரிஜிஸ்டரைக் கொண்டு வரச் சொல்லியிருக்கார். இவரு விரல்ல ரத்தம் ஒழுக ஆம்புலன்ஸ்ல ஏறினப்பவும் செக்யூரிட்டி மறக்காம போனைத் திருப்பிப் பாத்து, 'ஸ்டிக்கர் கிழியவில்லை'ன்னு எழுதி வச்சிருக்கார்!

விதி மீறலன்னு ஆனதுக்கப்புறம் மிச்சம் இருந்தது சத்தம் மட்டும்தான். அதை ரெண்டு தடவை போட்டாங்களாம். ரெண்டாவது தடவையில சூப்பர்வைசர் தலையைக் குனிஞ்சுக்கிட்டு, என் குரல்தான்னு ஒத்துக்கிட்டிருக்கார். சார்ஜைத் தள்ளிட்டு, கை ஆறினதும் வேலைக்கு வரச் சொல்லிட்டாங்க. இசக்கிமுத்துக்கு சிரிக்கவும் தெரியல, அழவும் தெரியல. கல்லாவுக்கு முன்னால நின்னு என்னையே பாத்தார். "யக்கா, படம் மட்டும் வந்திருந்துச்சுன்னா இன்னைக்கே என்னை ஊருக்கு பஸ் ஏத்தி விட்டிருப்பாவ!"

அன்னைக்கு மூணு மணி நேரம் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு நான் செய்யப் பாத்தது அந்த மனுஷனோட வேலைக்கு உலை வைக்கற வேலையைத்தான், நல்லவேளையா எனக்கு அவ்வளவு தொழில் தெரியல.