வியாதி வந்தால்தான் வண்டி

ஆபத்துக்கு உதவுவதில் எங்கள் தெருவை மிஞ்சிய தெரு திண்டுக்கல்லில் கிடையாது. ஆபத்து வந்து சேரும்வரை காத்திருக்கும் பொறுமையும் அதற்கு உண்டு.

என் மகனுக்கு அப்போது பதினாறு வயது. பேச்சு அதிகமில்லை. வேப்பங்கொட்டைகளை வரிசையாக அடுக்கிக்கொண்டு யாருக்கும் தொந்தரவின்றி இருப்பான். ஒலிபெருக்கிச் சத்தம் மட்டும் அவனுக்குத் தாங்காது. காதைப் பொத்திக்கொண்டு தலையைச் சுவரில் மோதுவான். உடனே தெரு திரண்டு, கைகால்களைப் பிடித்துப் பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிப்போகும். அங்கே ஊசி போட்டுத் தூங்கவைப்பார்கள். விழித்தபின் பல நாள் தாயைக்கூடத் தொடவிடமாட்டான்.

ஓர் ஆண்டு அம்மன் பொங்கலுக்கு முன்பே விழாக் கமிட்டித் தலைவரிடம் போய், எங்கள் வீட்டைப் பார்த்துக் கட்டும் ஒலிபெருக்கிக் குழாயை எதிர்ப்பக்கம் திருப்பச் சொல்லிக் கேட்டேன். கோயில் எங்கள் வீட்டை ஒட்டி இருந்ததால், அது அம்மனுக்கு முதுகு காட்டியதாகிவிடும் என்று கமிட்டி முடிவு செய்தது. ஆனாலும் எங்களைக் கைவிடவில்லை. திருவிழாவின் மூன்று நாளும் எங்கள் வாசலில் ஆபத்துக்கென்று ஒரு குதிரை வண்டியை நிறுத்திவைக்க ஏகமனதாகத் தீர்மானித்தார்கள்.

முதல் நாள், ஒலிபெருக்கி கட்டும் செட்டுக்காரர் கம்பி இழுக்கும்போதே மகனை வண்டியில் ஏற்றிச் சாணார்பட்டி சாலையில் பாட்டு எட்டாத தூரம் போய்விட்டேன். சத்தம் ஓய்ந்தபின் திரும்பினோம். மகன் நன்றாகச் சாப்பிட்டுத் தூங்கினான்.

மறுநாள் வாசலில் வண்டி இல்லை. தலைவர் வந்தார்.

"என்ன மாப்ளே, பயலுக்கு ஒண்ணுமே ஆகலையாமே?"

ஆகவில்லை என்று சந்தோஷமாகச் சொன்னேன்.

"பெறகு எதுக்கு வண்டியில ஏத்துனீக? அது ஆஸ்பத்திரிக்குன்னு விட்ட வண்டியாச்சே. கமிட்டி வண்டியில அப்பனும் மகனும் காத்து வாங்கப் போறாகன்னு ஊரு பேசாதா?"

வந்தபின் ஏற்றுவதைவிட வராமல் காப்பது நல்லதல்லவா என்று வாதாடிப் பார்த்தேன்.

"வரட்டும் மாப்ளே. வந்தா செத்த நேரத்துல வண்டி நிக்கும்" என்று ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார்.

என் மனைவி உள்ளிருந்து எல்லாவற்றையும் கேட்டாள். தெருவில் குரல் உயர்த்தியே அறியாதவள். மாலையில் செட்டுக்காரர் ஏணியைச் சாய்த்ததும் தலையை அவிழ்த்துப்போட்டு வாசலில் உட்கார்ந்து, பிள்ளைக்கு வந்துவிட்டதென்று அலறினாள். நான் மகனைப் போர்வையால் மூடி நடத்தி வந்தேன். வண்டி பறந்து வந்தது. தலைவரே சோடா புட்டியுடன் ஓடிவந்து என் கையில் திணித்தார். தெருமுனை தாண்டியதும் வண்டியைக் கிழக்கே, சாணார்பட்டி சாலைக்குத் திருப்பச் சொன்னேன்.

கமிட்டி தக்க நேரத்தில் செய்த உதவியைப் பற்றி அன்று குழாயில் மூன்று முறை அறிவித்தார்களாம். எங்களுக்குக் கேட்கவில்லை. சாலையோரக் கிணற்று மேட்டில் மகன் இட்டிலி தின்றுகொண்டிருந்தான். மறுநாளைக்கு இன்னும் கொஞ்சம் சத்தமாக அழலாமா என்று வீட்டில் மனைவி யோசித்துக்கொண்டிருந்தாள்.