தவணை முறையில் புவியீர்ப்பு

இயற்கையின் நான்கு அடிப்படை விசைகளில் ஈர்ப்புவிசைதான் நோஞ்சான் என்று இரண்டு மொழிகளில் படித்துத் தேறியவன் நான். பூமி மொத்தமும் கீழே இழுக்கும் குண்டூசியை ஒரு சின்னக் காந்தம் அலட்சியமாகத் தூக்கிவிடுகிறது. ஆனால் இடுப்பெலும்பு முறிந்து அறுவை சிகிச்சை முடிந்த என் மனைவி எழுந்து நின்ற அன்று, அந்த நோஞ்சான் அவளை மறுநொடியே நாற்காலியில் சாய்த்துவிட்டது. அதன்பிறகு தரையைக் கண்டாலே அவளுக்கு நடுக்கம். அவளைக் கண்டாலே எனக்கு நடுக்கம். கூப்பிட்டால் ஓடிவரச் சொந்தபந்தம் இல்லாத ஊர். இவள் நடக்காமலே போய்விட்டால்? அந்த நினைப்பிலேயே நான் பாதியாகிப் போனேன்.

மருத்துவமனையின் கீழ்த்தளத்தில் வெந்நீர்த் தொட்டி இருந்தது. அதில் நோயாளிகளை நடக்கப் பழக்குபவரைத் தொட்டியக்கா என்போம். நாள் முழுக்க நீரில் நிற்பதால் அவர் விரல்கள் உலர்ந்த திராட்சை மாதிரி இருக்கும். மதியச் சாப்பாடு கொதிகலன் அறையில், காயும் துண்டுகளுக்கு நடுவே. வீட்டில் தனக்குத் தவளை என்று பேர் என்பதை அவரே சொல்லிச் சிரிப்பார்.

முதல் வாரம் கழுத்தளவு தண்ணீர். மனித உடம்பின் அடர்த்தி ஏறக்குறைய தண்ணீரின் அடர்த்திதான். எலும்பு மூழ்கப் பார்க்கும், கொழுப்பும் மூச்சுக்காற்றும் மிதக்கப் பார்க்கும். அந்த ஆழத்தில் கால்களுக்கு மிஞ்சுவது பத்தில் ஒரு பங்கு எடையே. என் மனைவி நடந்தாள். கொழுப்பின் புண்ணியம் என்றேன்; அவள் என்மேல் தண்ணீரை வாரி அடித்தாள். பிறகு வாரத்துக்கு ஒருமுறை அக்கா வால்வைத் திறந்து, ஒரு சாண் தண்ணீரை இறக்கினார். எடையை மொத்தமாகத் தலையில் கட்டினால் யார் தாங்குவார்கள், கொஞ்சம் கொஞ்சமாகத்தான் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பார்.

இடுப்பளவில் அவள் தடுமாறினாள். நானும் இறங்கி, அவள் முழங்கையைத் தாங்கிக்கொண்டேன். தொட்டிக்குள் ஜோராக நடந்தாள். வெளியே வந்தால் பழைய கதைதான்.

அக்கா இரண்டு நாள் பார்த்தார்.

"சார், நீங்க அவங்கள தூக்கிட்டே இருக்கீங்க."

சும்மா தொட்டுக்கொண்டிருக்கிறேன் என்றேன்.

"தண்ணிக்குள்ள தூக்கினா கை வலிக்காது. அதான் உங்களுக்குத் தெரியல."

கைகளைத் தலைமேல் வைத்துக்கொள்ளச் சொன்னார். வைத்தேன். என் மனைவி எதிர்க்கரையில் இருந்த கைப்பிடிக் கம்பியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், ஒரு அடி வைத்தாள். தண்ணீர் கலங்கியது, அவள் சாயவில்லை. அந்தக் கம்பியைத் தொட்டுத் திரும்பி, "போலீஸ் புடிச்ச மாதிரி நிக்காதீங்க. கைய இறக்குங்க" என்றாள்.

கடைசி நாள் தண்ணீர் முழங்காலுக்கு வந்திருந்தது. அக்கா அவளை அங்குமிங்கும் நடக்கவைத்து, தவளைப் பேர் வந்த கதையைச் சொல்லிக்கொண்டே கூட நடந்தார். வால்வு திறந்திருந்ததை நான் பார்த்தேன்; வாயைத் திறக்கவில்லை. கதை முடிந்தபோதுதான் அவள் குனிந்து பார்த்தாள்.

"அக்கா, தண்ணி எங்க?"

"அது அப்பவே போயிடுச்சு. நீங்கதான் இன்னும் நிக்கறீங்க."

ஈர ஓடுகளின் மேல், தன் முழு எடையோடு நின்றாள். என் கைகள் இரண்டும் தாமாகக் குவிந்தன. அக்கா அதைப் பார்க்கவில்லை. அடுத்தவருக்காகத் தொட்டியை நிரப்பக் குழாயைத் திறந்துகொண்டிருந்தார்.