இரவல் வயிறு

கற்பிட்டியில் கருவாடு காயவைக்கும் வாடி வைத்திருந்த ஜபார் நானாவுக்கு, பிரஷர் பார்க்கப் போவதென்றாலும் அயன் பண்ணிய சட்டை வேண்டும். டொக்டர் முன்னால் நம்மிடம் ஒரு குறை தெரியக்கூடாது என்பது அவர் கொள்கை. குறை தெரியத்தானே டொக்டரிடம் போகிறோம் என்று மனைவி மர்ளியா சொன்னால், அது மற்றவர்களுக்கு என்பார்.

யுத்தம் முடிந்து ஆறேழு வருடம் கழித்து, மூளையை ஆராய்கிற டொக்டர் தர்சிகா யாழ்ப்பாணத்திலிருந்து வந்தார். தொண்ணூறாம் ஆண்டு யுத்தத்தில் மன்னாரிலிருந்து உடுத்த உடுப்போடு வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களைத் தேடித் தேடிக் கண்டார். ஜபார் நானாவும் அவர்களில் ஒருவர். நெடுங்காலம் மனம் பதறி வாழ்ந்தவர்களின் குடலில் இருக்கும் கிருமிகள் மாறிவிடுகின்றனவா, அந்த மாற்றத்துக்கும் பிற்காலத்தில் வரும் நடுக்க நோய், மறதி நோய்களுக்கும் தொடர்பு உண்டா என்பதுதான் அவருடைய கேள்வி. மூடி போட்ட ஒரு சின்னப் போத்தலைக் கொடுத்து, அடுத்த வாரம் வருவேன், வழக்கமாகச் சாப்பிடுவதையே சாப்பிடுங்கள், அன்று காலையில் வெளிக்குப் போவதில் கொஞ்சம் இதில் வேண்டும் என்றார்.

நடுக்கம் என்ற சொல்லிலேயே ஜபார் நானாவுக்குப் பாதி உயிர் போய்விட்டது. அவருடைய வாப்பா நடுங்கி நடுங்கித்தான் மௌத்தானார். கடைசியில் பெற்ற மகனையே யாரென்று கேட்டார். இப்போது தேத்தண்ணிக் கோப்பையைத் தூக்கினால் இவர் கையும் ஆடுகிறது. அந்தப் பயத்தை ஒருவரிடமும் சொல்லாமல், அரைக் கோப்பைக்கு மேல் வாங்காமல் காலம் தள்ளிக்கொண்டிருந்தார். இந்தப் போத்தல் தன்னைக் காட்டிக் கொடுத்துவிடும் என்று நினைத்தார்.

விருந்தாளி வருமுன் வீட்டைக் கூட்டுவதுதானே முறை. கருவாட்டை ஒதுக்கிவிட்டுப் பாலும் பேரீச்சம்பழமுமாக இருந்தார். தர்சிகா வருவதற்கு முதல் நாள் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஆமணக்கெண்ணெயையும் குடித்தார். வயிறு கழுவிக் கவிழ்த்த மீன் பெட்டி போலச் சுத்தமாகிவிட்டது. ஆனால் காலையில் போத்தலில் போட ஒன்றுமில்லை. அவ்வளவு தூரத்திலிருந்து வருகிற பிள்ளையை வெறுங்கையோடு அனுப்புவதா? மச்சான் பதியுதீனின் வயிறு ஊரறிந்த வயிறு, கல்லைத் தின்றாலும் செரித்துவிடும். ஜபார் நானா தலையைக் குனிந்துகொண்டு அங்கே போய், போத்தலோடு திரும்பினார். பதியுதீன் காரணம் கேட்கவில்லை. தன்னிடம் ஒருவர் இதைக் கேட்டு வந்ததே அவருக்குப் பெருமையாக இருந்தது.

தர்சிகா போத்தலில் ஜபார் நானாவின் பெயரை எழுதும்போதுதான் அவருக்கு உறைத்தது. இனிப் பதியுதீனின் சுகம்தான் தெரியவரும், தனக்கு என்னவென்று ஒருநாளும் தெரியாது. அந்நேரம் பார்த்து மர்ளியா, விருந்தாளிக்கு வைத்ததுபோல அவருக்கும் கோப்பை நிறையத் தேத்தண்ணி வைத்தாள். தூக்கினார், பாதியை இடுப்பில் கட்டியிருந்த சாரத்தில் கொட்டிக்கொண்டார். அதோடு எண்ணெய், பதியுதீன், வாப்பா என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்.

தர்சிகா சிரிப்பை அடக்கப் பார்த்தும் முடியவில்லை. பிறகு, இந்தப் போத்தல் தனி ஒருவருக்கு நோய் வருமா என்று சொல்லாது, நூற்றுக்கணக்கானவர்களுடையதைச் சேர்த்துப் பார்த்தால்தான் ஏதாவது பிடிபடும் என்றார். அப்படியென்றால் அந்த எண்ணெயைச் சும்மாவா குடித்தேன் என்று கேட்டார் ஜபார் நானா. தர்சிகா அவருடைய கையை மடியில் வைக்கச் சொல்லிக் கொஞ்ச நேரம் பார்த்தார். அது அசையவில்லை. வாப்பாவுக்குச் சும்மா கிடக்கும்போதே ஆடும் என்றார் ஜபார் நானா.

"நானா, உங்களுக்கு இது எப்ப தொடங்கினது?"

போன நோன்புக்கு என்று சொல்ல அவர் வாயெடுத்தார். மர்ளியா முந்திக்கொண்டாள்.

"அவருக்குத் தெரியா, மிஸ். மன்னார்ல எங்கட கலியாணத்தண்டே கை நடுங்கின. கழுத்துல மாலையக் கொளுவ ஏலாம என்னோட கூடப் பொறந்த தாத்தாதான் கொளுவிவிட்டா. என்ட அழகக் கண்டு நடுங்கிறார் எண்டுதான் இவ்வளவு காலமும் நான் நெனச்சிட்டு இரிந்தன்."

முப்பது வருடமாக இருக்கிற, எதையாவது தூக்கும்போது மட்டும் வருகிற நடுக்கம் பெரும்பாலும் வாப்பாவின் நோயாக இருக்காது, எதற்கும் புத்தளம் ஆஸ்பத்திரியில் ஒருமுறை காட்டுங்கள் என்றார் தர்சிகா. ஜபார் நானா வெட்கத்தை விட்டு அழுதார். மர்ளியா முகத்தைத் திருப்பிக்கொண்டு கோப்பைகளை எடுத்தாள். புருஷன் தப்பியதில் அவளுக்குச் சந்தோஷம்தான். ஆனாலும் முப்பது வருடப் பெருமை ஒரு நிமிடத்தில் வெறும் நோயாகிப் போனது அவளுக்கு வலித்தது.

ஜபார் நானா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"மர்ளியா, கை நோய் வருத்தத்துலதான் நடுங்கின எண்டு வெச்சுக்க. அண்டைக்கு என்ட காலும் நடுங்கின."