கருத்தடை மாத்திரை வாங்க சேவூரிலிருந்து படவேடு வரை

போன அமாவாசை வியாழக்கிழமை வந்தது. எங்கள் சேவூரில் அமாவாசைக்குத் தறி ஓடாது. மாதத்தில் நெசவுக்காரிக்குக் கை ஒழிகிற ஒரே நாள். அன்றைக்கு என் ஓரகத்தி கலைச்செல்வியும் நானும் படவேட்டு ரேணுகாம்பாள் கோயிலுக்குப் போனோம். வீட்டில் சொன்ன காரணம் அதுதான். பொய்யில்லை, சாமியும் கும்பிட்டோம். ஆனால் கிளம்பியது அவளுக்குக் கருத்தடை மாத்திரை வாங்க. அவளைக் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். "எழுதுக்கா, ஆனா என்னெ அழுமூஞ்சியா மட்டும் எழுதாத" என்றாள்.

கலைக்கு இரண்டு பிள்ளைகள். சின்னவனுக்கு இன்னும் இரண்டு வயது முடியவில்லை. அவன் பிறந்தபோது ரத்தம் நிற்காமல் போய், மூன்று பாட்டில் ஏற்றித்தான் பிழைத்து வந்தாள். மூன்று வருஷத்துக்கு வயிற்றில் எதுவும் தங்கக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார். ஆறேழு மாதமாக ஆரணியில் ஒரு மருந்துக் கடையில், அமாவாசைக்கு அமாவாசை ஓர் அட்டை வாங்கிக்கொண்டிருந்தோம். அன்றைக்கு எங்கள் தெருவே கடைத்தெருவில்தான் நிற்கும். அத்தனை பேர் காதில் விழ, "இது யாருக்குமா? ஊட்டுக்காரருக்குத் தெரியுமா?" என்பார் கடைக்காரர். போன முறை, புதுச் சீட்டு இல்லாமல் இனிமேல் கிடையாது என்றும் சொல்லிவிட்டார். சீட்டு வாங்க டாக்டரிடம் போனால் முந்நூறு ரூபாய், அரை நாள் பேஜார். கலைக்குத் தாய்வீடு படவேடு. மாசமாக இருந்தபோது அங்கே உள்ள அரசு சுகாதார நிலையத்தில்தான் காட்டினாள். அங்கேயே கேட்டுப் பார்ப்போம் என்று முடிவு செய்தோம்.

காலை 7.10க்கு சேவூர் நிறுத்தத்தில் டவுன் பஸ். பெண்களுக்கு டிக்கெட் இல்லை. கால் மணி நேரத்தில் ஆரணி. படவேட்டுக்கு பஸ் குறைவு, 8.05ஐ விட்டால் அடுத்ததற்கு ஒன்றரை மணி நேரம் நிற்க வேண்டும். ஆளுக்கு முப்பது ரூபாய், சுமார் முப்பது கிலோமீட்டர். அமாவாசைக் கூட்டத்தில் முக்கால்வாசி தூரம் நின்றுகொண்டே போனோம்.

"இன்னாமா, ரெண்டு பேரும் வேண்டுதலா?" என்றார் கண்டக்டர்.

"ஆமாம்பா. உன் பஸ்ஸு இன்னிக்காவது நேரத்துக்குப் போய்ச் சேரணும்னு வேண்டிகினு வர்றோம்."

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். கலை சிரிக்கவில்லை. மலை கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்தபோது என் காதருகே வந்து, "அக்கா, நாள் தள்ளிப் போயிருக்கு. ஒரு வாரம் ஆவுது" என்றாள். "மாத்திர முழுங்கிகினுதானே இருக்கேன், எப்டிக்கா?" என்று கேட்டாள். விரல் மடக்கி அட்டைகளை எண்ணிப் பார்த்தேன், எந்த மாதமும் வாங்காமல் விட்டதாகத் தெரியவில்லை.

9.25க்கு இறங்கினோம். முதலில் சுகாதார நிலையம், அப்புறம்தான் கோயில். வரிசையில் எங்களுக்கு முன்னால் பதினோரு பேர், முக்கால் மணி நேரம். நர்ஸம்மாவுக்குக் கலையை அடையாளம் தெரிந்தது. பிரஷர் பார்த்தார், காலி அட்டையைத் திருப்பிப் பார்த்தார்.

"அட்டைய என்னிக்கு ஆரம்பிப்ப?"

"அமாவாசைக்கு வாங்கியாந்து அன்னிக்கு ராத்திரியேங்க."

"எல்லா மாசமுமா?"

"அன்னிக்குத்தானேங்க தறி நிக்கும்."

நர்ஸம்மா சுவர்க் காலண்டரைக் காட்டினார். "அட்டையில இருபத்தெட்டு மாத்திர. அமாவாசைக்கு அமாவாசை இருபத்தொம்போது, முப்பது நாள். நடுவுல இருக்கிற நாளுக்கு இன்னா பண்ணுவ?"

"அட்டதான் தீர்ந்துடுதே, சும்மா இருப்பேன்."

ஐந்தாவதோடு நின்ற எனக்கே அப்போது விளங்கிவிட்டது. அட்டையின் கடைசியில் இருக்கும் ஏழு பழுப்பு மாத்திரையும் வெறும் இரும்புச் சத்து. கருத்தடைக்கான மருந்து வெள்ளை இருபத்தொன்றில்தான். அது ஏழு நாள் நிற்கலாம், அதற்கு மேல் நிற்கக் கூடாது. ஒரு அட்டை முடிந்த மறுநாளே அடுத்தது ஆரம்பிக்க வேண்டும். இவள் மாதா மாதம் ஒன்றிரண்டு நாள் கோட்டை விட்டிருக்கிறாள். கூடவே போன எனக்கும் உறைக்கவில்லை.

சிறுநீர் சோதிக்கும் கார்டைக் கொடுத்தார்கள். ஐந்து நிமிஷம் பொறுக்கச் சொன்னார்கள். பெஞ்சில் கலையின் கை என் கைக்குள் சில்லென்று இருந்தது. வாயில் வந்த இரண்டு கிண்டலையும் விழுங்கிவிட்டேன்.

"ஒரே கோடு. ஒண்ணும் இல்ல" என்றார் நர்ஸம்மா.

கலை அழவில்லை. ஒரு செம்புத் தண்ணீரை மூச்சு விடாமல் குடித்தாள்.

நர்ஸம்மா மூன்று அட்டை கொடுத்தார், காசில்லை. அன்றைக்கே ஆரம்பிக்க வேண்டும், ஏழு நாளைக்கு ஆணுறை கட்டாயம், எட்டாம் நாள் இன்னொரு தடவை சோதனை. "இதுக்கா இவ்ளோ தூரம் வந்தீங்க? சேவூர் நர்ஸ்கிட்டயே கிடைக்குமே. அட்டையக் காட்டினா ஊட்டுக்காரர் கூட வாங்கினு வரலாம்" என்றவர், என் பக்கம் திரும்பி, "ஏழு நாள் கணக்க உங்க கொழுந்தனாருக்கு நீங்களே சொல்லிடுங்க" என்றார். ஊரையே கேலி பேசுகிற என்னை ஒரே வரியில் உட்கார வைத்துவிட்டார்.

கோயிலில் அரை மணி நேரம். 12.40 பஸ், 2.35க்கு வீடு. கொழுந்தனிடம் கலையே சொன்னாள். அவன் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு அட்டையை வாங்கி ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தான். பிறகு போனில் தினமும் ராத்திரி ஒன்பது மணிக்கு அலாரம் வைத்தான்.

நீங்கள் போவதாக இருந்தால் சில விஷயம். முதலில் உங்கள் ஊர் நர்ஸைக் கேளுங்கள், பஸ் காசு மிச்சம். பழைய அட்டையைத் தூக்கி எறியாமல் கொண்டு போங்கள். கடைசி வெள்ளை மாத்திரை தீரும்போதே கிளம்புங்கள், பழுப்பு ஏழும் உங்களுக்குத் தவணை. ஒன்றுக்கு மேல் அட்டை கேட்டு வாங்குங்கள், கேட்பதில் தப்பில்லை. நாள் விட்டுப் போனால் மறைக்காமல் சொல்லுங்கள். கோயிலுக்கும் போக ஆசையென்றால் அமாவாசை வேண்டாம், உட்கார இடம் கிடைக்காது.

எட்டாம் நாள், அடுத்த வியாழக்கிழமை, கொழுந்தனே அவளை வண்டியில் ஏற்றி சேவூர் நர்ஸிடம் அழைத்துப் போனான். வீட்டிலிருந்து முக்கால் கிலோமீட்டர். நான் வாசலிலேயே நின்றிருந்தேன். இருபது நிமிஷத்தில் திரும்பி வந்தவன், வண்டியை நிறுத்துவதற்கு முன்பே நடுத்தெருவில் இருந்து, "அண்ணி, ஒரே கோடுதான்" என்று சத்தமாகச் சொன்னான். கலை பின்னாலிருந்து அவன் முதுகில் ஒன்று வைத்தாள்.