ஆண்டி இடுப்புல ஒட்டுன பிளாஸ்டர்

தைலம்மாளுக்கு யாரயும் கெஞ்சிப் பழக்கமில்ல. கல்வராயன் மலைக்கு பஸ்ஸு வரணும்னு ரோட்டுல குந்துன மொத ஆளு. கடுக்கா யாவாரி எடையில கைய வெச்சப்ப தராசப் புடுங்கி எறிஞ்சவ. அப்பேர்ப்பட்டவளுக்கு, கள்ளக்குறிச்சி கிளினிக்குல புருஷன் ஆண்டியோட சட்டயத் தூக்கிப் பாத்ததும் பேச்சே வரல. வெள்ளி அர்ணாக்கொடி கெடந்த எடம் பூரா, இடுப்பச் சுத்தி கொப்புளம்.

சாமை அறுக்கக் குனிய முடியலன்னுதான் கூட்டியாந்தா. இங்க ரேடியோ அலையால ஒடம்புக்குள்ள சூடு ஏத்துற மிஷின வெச்சாங்க. வலிக்கு நல்ல வைத்தியந்தான், அதக் குத்தம் சொல்ல முடியாது. ஆனா மேல பொட்டு உலோகம் இருக்கக் கூடாது. இருந்தா சூடு அங்கியே சேந்து சுட்டுரும்.

மிஷின் ஓட்டுற சுப்புராயன், "கொடியக் கழட்டு பெரிசு"ன்னான்.

"பொணத்துக்குத்தான் தம்பி கழட்டுவாங்க"ன்னு ஆண்டி மறுத்துட்டான்.

வெளிய கூட்டம் காத்துக்கினு இருந்துச்சு. மறச்சாப் போதும்னு சுப்புராயன் கொடி மேல பிளாஸ்டர ஒட்டி சுச்சியப் போட்டுட்டான்.

கொப்புளம்னு கேட்டு டாக்டர் மாடியிலேந்து எறங்கி வந்தாரு. "கழட்டச் சொன்னோம், கேக்கல. மலைக்காரங்க மூடநம்பிக்கைக்கு நாங்க இன்னாம்மா பண்ணுவோம்?"

அப்பத்தான் தைலம்மாளுக்கு வாய் தொறந்துச்சு.

"வெறும் இடுப்பா வுடக் கூடாது, அவ்ளோதான் சார். புதுக் கவுறு கட்டிட்டு அப்பறமா பழசக் கழட்டுவோம். செவப்புக் கவுறு ஒங்க வாசல்ல பொட்டிக்கடையிலயே தொங்குது! வெளிய நின்ன என்னய ஒரு வார்த்த கேட்டீங்களா? மலைக்காரிகிட்ட இன்னாத்தக் கேக்குறதுன்னு வுட்டுட்டீங்க."

"வா, போலாம்"னு ஆண்டி முனகுனான்.

"நீ குந்துய்யா."

முட்டி வலிக்கு வந்திருந்த மளிகைக்கட ரஜியா எழுந்து நின்னாங்க. "ஏன் டாக்டரு, என் வளையலு வரலன்னதும் சோப்பு போட்டு கழட்டுனீங்களே. கழட்டாம மிஷின் போட மாட்டேன்னீங்க. இவருக்கு மட்டும் எப்டிப் போட்டீங்க? டவுன் தோலு வேற, மலைத் தோலு வேறயா?"

சுப்புராயன் தரையப் பாத்துக்கினே, "நாந்தான் ஒட்டுனேன். சீக்கிரம் முடி முடின்னு நீங்கதான சார் வெரட்டுனீங்க"ன்னான்.

டாக்டர் மூஞ்சி செத்துப்போச்சு. "சரிம்மா, எங்க தப்புதான்"னு வாய்க்குள்ளயே சொன்னாரு. "மருந்து போட்டு வுடறோம், காசு வேணாம்."

"மருந்து போடறது ஒன் வேல. மூடநம்பிக்கன்னப்ப ஊருக்கே கேட்டுச்சு. இது கடேசி பெஞ்சிக்குக் கேக்கல. ஒரக்கச் சொல்லு."

அவரு ஒரக்கச் சொன்னாரு. அப்பறந்தான் மருந்து போட ஆண்டி சட்டயக் கழட்ட வுட்டா.