அழ வைக்கும் பொறுப்பு

எங்கள் வீட்டில் குழந்தை அழக்கூடாது என்பது சட்டம். இதயத்தில் ஓட்டையோடு பிறந்தவள். அழுதால் உதடும் நகமும் நாவல்பழ நிறத்துக்குப் போய்விடும். கைக்குழந்தையாக இருந்தபோதே பெரிய ஆஸ்பத்திரியில் நெஞ்சைத் திறந்து ஓட்டையை அடைத்துவிட்டார்கள். சட்டத்தைத்தான் யாரும் ரத்து செய்யவில்லை. கடத்தூரில் எங்கள் தெருவுக்கு வரும் தக்காளி வண்டிக்காரர்கூட முனையிலேயே மைக்கை அணைத்துவிடுவார்.

பின்னாளில் துடிப்பு தடம் மாறக்கூடும், அதனால் அவ்வப்போது கண்காணிக்க வேண்டும் என்று தருமபுரி டாக்டர் சொன்னார். 'பின்னாளில்' என்ற சொல்லை எங்கே படித்தாலும் இப்போது புத்தகத்தை மூடிவிடுகிறேன். ஒரு நாள் முழுக்கத் துடிப்பைப் பதிவு செய்யும் சின்னக் கருவி ஒன்றை அவள் மார்பில் ஒட்டி அனுப்பினார். நாங்கள் அதைத் தேர்வு நடத்த வந்த அதிகாரியாகவே பாவித்தோம். மிக்ஸி ஓடவில்லை. என் செல்போன், மூக்குக்கண்ணாடி, மானம் எல்லாம் அவள் கைக்குப் போயின. கருவியைத் திருப்பிக் கொடுக்கும்போது என் மனைவியின் முகத்தில் முதல் ரேங்க் வாங்கிய பெருமை.

டாக்டர் கணினியைப் பார்த்தார். "பாப்பா ஒரு தடவைகூட அழலையா?"

"அழ வுடுவமாங்க! மாத்தி மாத்தித் தூக்கிக்கிட்டே இருந்தம்."

"அதாம்மா பிரச்சனை. அழுதா, குதிச்சா என்ன ஆகுதுன்னு நான் பாக்கணுமே. மறுபடி மாட்டறேன். அழுதா உடனே தூக்காதீங்க. உதடு நிறம் மாறினா மட்டும் அப்படியே கொண்டு வந்துடுங்க."

அந்தக் கடைசி வாக்கியத்தோடு பஸ் ஏறினோம்.

"ஏங்க, அழ வெக்கற வேல உங்களுது. என்னால ஆவாது."

"நான் எப்படி?"

"நீங்க எழுதுன சிரிப்புக் கதையப் படிச்சுக் காட்டுங்க. தானா அழுவா."

மறுநாள் காலை மனைவி துணி காயவைக்க மாடிக்குப் போய்விட்டாள். நான் குழந்தையின் முன் உட்கார்ந்து கண்ணை உருட்டினேன், உறுமினேன். சிரித்தாள். இத்தனை வருடமாக வாசகர்களிடம் கிடைக்காத சிரிப்பு, வேண்டாத நேரத்தில் கிடைத்தது.

கடைசியில் அவள் கையிலிருந்த சில்வர் கரண்டியைப் பிடுங்கினேன்.

நம்பாமல் பார்த்தாள். வாய் திறந்தது. சத்தம் வரவில்லை. மூச்சு உள்ளேயே நின்றது. ஓட்டையை அடைப்பதற்கு முன்பு, நிறம் மாறுவது இப்படித்தான் தொடங்கும். பிறகு வீறிட்டாள். நான் கரண்டியை நீட்டினேன். படியிறங்கி ஓடிவந்த மனைவி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். ஈரக்கை.

"குடுக்காதீங்க. உதட்டப் பாருங்க."

பார்த்தேன். சிவப்பு. இன்னும் சிவப்பு. நகத்தைப் பார்க்கக் கண்ணாடியைத் தேடினேன். அது என் மூக்கிலேயே இருந்தது.

வாசலில் தக்காளி வண்டி நின்றது. "பாப்பாவுக்கு என்னாச்சுங்க?"

"ஒண்ணுமில்லீங்கண்ணா, அழுவறா," என்றாள் மனைவி. 'ஒண்ணுமில்லை', 'அழுவறா' இரண்டும் எங்கள் வீட்டில் ஒரே வாக்கியத்தில் வந்தது அன்றுதான்.

அழும்போது இரண்டொரு துடிப்புகள் முந்திக்கொண்டு வந்திருக்கின்றன என்றார் டாக்டர். இப்போதைக்கு மருந்து வேண்டாம், ஆறு மாதம் கழித்து மறுபடி பார்க்கலாம், பயப்படாதீர்கள். முதல் இரண்டும் எங்களால் முடியும்.

அடுத்த முறைக்கு வேறு ஏதாவது பிடுங்க வேண்டும். நான் பக்கத்தில் போனாலே இப்போது கரண்டியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொள்கிறாள்.