கோடு தொடங்கும் இடம்

எங்கள் வீட்டில் அம்மாவின் கோலம் ஒரு நிரந்தர வேடிக்கை. டிராம் ஓடும் வடக்கத்தி நகரம் ஒன்றில், லேக் மார்க்கெட் பக்கம் நாங்கள் குடியிருந்த கட்டடத்தில் நான்கைந்து தமிழ்க் குடும்பங்கள். எல்லார் வாசலிலும் கோலம் கோலமாக இருக்கும். எங்கள் வாசலில் மட்டும் நடுங்கிக்கொண்டு கிடக்கும். "இது கோலமா, டிராம் தண்டவாளமா?" என்பார் அப்பா. நானும் சிரிப்பேன். அம்மா சிரிக்க மாட்டாள்.

ஒரு பொங்கலுக்கு முதல் நாள், அருங்காட்சியகத்தில் வேலை பார்த்த அத்தை, அப்பாவின் தங்கை, கூடத்தில் செய்தித்தாளை விரித்து ஓட்டாஞ்சில்லுகளைப் பரப்பியிருந்தாள். துறைமுகத்தை ஒட்டிய கார்டன் ரீச் ஆற்றங்கரையில் பொறுக்கியவை. கப்பலில் வந்த சீமைப் பாத்திரங்களாக இருக்கலாமாம். பழுப்பு ஓட்டின்மேல் வெண்மஞ்சள் கோடுகள். தடவினால் கோடு விரலில் தட்டுப்பட்டது.

"பெயின்ட் இல்லடி. களிமண்ணக் கூழாக் கரைச்சு ஒழுக விட்டிருக்கா" என்றாள் அத்தை.

கோடு தொடங்கும் இடத்தில் சொட்டு தடித்திருக்கும், முடியும் இடத்தில் வால்போல் மெலிந்துவிடும். எல்லாச் சில்லுகளிலும் சொட்டு இடப்பக்கம் இருந்தது. ஒரே ஒரு விளிம்புச் சில்லில் மட்டும் வலப்பக்கம். தலைகீழாக வைத்துவிட்டோமோ என்று அத்தை பார்த்தாள். விளிம்பு மேலேதான் இருந்தது. "யாரோ கத்துக்குட்டி தப்பாப் போட்டிருக்கான்" என்று ஒதுக்கினாள்.

மாக்கோலத்துக்கு அரிசிமாவு கரைத்துக்கொண்டிருந்த அம்மா கிண்ணத்தோடு வந்து அதைத் தடவிப் பார்த்தாள்.

"தப்பே இல்ல. எடது கைக்காரன் போட்டது."

"உங்களுக்கு எப்படித் தெரியும், மன்னி?"

அம்மா வாசலில் போய் உட்கார்ந்து, துணியை மாவில் தோய்த்து இடது கையில் எடுத்தாள். வலமிருந்து இடமாகக் கோடு ஓடியது; ஒரு நடுக்கம் இல்லை. அத்தை சில்லை அதன் பக்கத்தில் வைத்து, "அச்சு அசல்!" என்று கத்தினாள்.

சத்தம் கேட்டு அப்பா வந்தார். "வாசல்ல எடது கை கூடாதுன்னு கல்யாணமான புதுசுலயே சொன்னேனே..." என்று ஆரம்பித்தவர் கோலத்தைப் பார்த்ததும் நிறுத்திவிட்டார். அம்மா நிறுத்தவில்லை. மாவு தீரும்வரை, பக்கத்து வீட்டு வாசல்வரை போட்டாள்.

எனக்கு ஒரே ஆச்சரியம். "இன்னிக்கு மட்டும் எப்படிம்மா இவ்வளவு நன்னா வந்தது?"

"சில்லப் பாத்துக் கத்துண்டேன்."

நான் அப்படியே நம்பினேன். கோலம் வராதவர்கள் கார்டன் ரீச்சுக்குப் போய் ஒரு சில்லு பொறுக்கி வந்தால் போதும் என்று பள்ளியில் ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தேன்.